புரோநோட்டு வழக்கில் ஆணை 37 அழைப்பாணை: எதிர்வழக்காட அனுமதி கேட்பது எப்படி?

குமாரபாளையம் தறிக்காரர் | 11.7.2025

அனைவருக்கும் வணக்கம். எட்டுத் தறிகள் வைத்து லுங்கி நெய்து வருகிறேன். கடந்த திங்கட்கிழமை, அதாவது 7-ஆம் தேதி, நீதிமன்றப் பணியாளர் பட்டறைக்கே வந்து ஓர் அழைப்பாணையையும் வழக்குரையின் நகலையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிச் சென்றார். வழக்கு எண்ணுக்குக் கீழே, "உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908, ஆணை 37-இன் கீழ்" என்று எழுதப்பட்டிருக்கிறது. பத்து நாள்களுக்குள் முன்னிலையாகாவிட்டால் வாதி கேட்டபடியே தீர்ப்பாணை வழங்கப்படும் என்ற வாசகத்தைப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். 2022 மே மாதம் நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூரில் உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது பலருக்கும் நினைவிருக்கும். அந்த நேரத்தில் ரொக்கம் கொடுத்து நூல் வாங்க எனக்கு வழியில்லை. பழக்கப்பட்ட நூல் வியாபாரி ஒருவர் கடனுக்குத் தர ஒப்புக்கொண்டார்; ஆனால், "ஒரு பிடிமானத்துக்கு" என்று சொல்லி, 3.6.2022 அன்று அச்சடித்த புரோநோட்டுப் படிவத்தில் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். தொகை, தேதி, பெயர் எதையும் அப்போது எழுதவில்லை. அதன் பிறகு மூன்று பில்களில் மொத்தம் 4,80,000 ரூபாய்க்கு நூல் எடுத்தேன். வங்கி வழியாகப் பதினொரு தவணைகளில் 3,10,000 ரூபாயும், ரொக்கமாக இரண்டு தடவையில் 60,000 ரூபாயும் கட்டிவிட்டேன். கடைசித் தவணை 2024 மார்ச்சில் கட்டியது. மீதி 1,10,000 ரூபாய் தர வேண்டியதுதான். அதை நான் மறுக்கவில்லை.

இப்போது வழக்குரையில், 17.8.2022 அன்று குடும்பச் செலவுக்காக 5,00,000 ரூபாய் ரொக்கமாகக் கைமாற்று வாங்கினேன் என்றும், ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை என்றும், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியுடன் 6,69,000 ரூபாய் தர வேண்டும் என்றும் இருக்கிறது. வழக்கு 10.6.2025 அன்று தாக்கலாகியுள்ளது. நூல் என்ற சொல்லே வழக்குரையில் எங்கும் இல்லை.

வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார் என்று சொன்னால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று என் மைத்துனர் சொல்கிறார். எதிருரையை, அதாவது வழக்குரைக்கான எழுத்துப் பதிலை, தயார் செய்துகொண்டு நேராக வாய்தா நாளன்று போனால் போதும் என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். இவற்றில் எது சரி என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வு பெற்ற சிரஸ்தார் | 11.7.2025

தம்பி, இரண்டுமே தவறு. முதலில் நாளை எண்ணுங்கள். அழைப்பாணை கிடைத்த திங்கட்கிழமையைத் தள்ளிவிட்டு எண்ணினால் பத்தாம் நாள் வருகிற வியாழக்கிழமை, 17-ஆம் தேதி. அதற்குள் வழக்கறிஞர் வழியாக வக்காலத்து தாக்கல் செய்து, நீங்கள் முன்னிலையாவதைத் தெரிவித்து, உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்ப வேண்டிய முகவரியையும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அதே நாளில் வாதியின் வழக்கறிஞருக்கும் முன்னிலையான தகவலைத் தெரிவிக்க வேண்டும். இப்போதைக்கு இவ்வளவுதான் வேலை. எதிருரை இந்தக் கட்டத்தில் கிடையாது. ஆணை 37 விரைவு நடைமுறை; இதில் எதிர்வழக்காட, அதாவது வழக்கை எதிர்த்து வாதாட, நீதிமன்றத்தின் அனுமதி கிடைத்த பிறகுதான் அதற்கு இடம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்ற அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாதாரண வழக்கு என்று நினைத்துக்கொண்டு வாய்தா நாள்வரை காத்திருந்து, அதற்குள் பத்து நாளைத் தவறவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அழைப்பாணையில் உள்ள வாய்தா தேதி வேறு. முன்னிலையாவதற்கான பத்து நாள் கெடு வேறு. இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

கரூர் வழக்கறிஞர் | 12.7.2025

ஐயா சொன்னது முற்றிலும் சரி. நான் அடுத்த படியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உண்மையான போராட்டம் அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் முன்னிலையான பிறகு வாதி, "தீர்ப்புக்கான அழைப்பாணை" என்ற இரண்டாவது அழைப்பாணையை உங்களுக்குச் சார்பு செய்வார், அதாவது முறைப்படி கொடுப்பார். அதனுடன் ஒரு பிரமாணப் பத்திரம் இருக்கும். வழக்கின் காரணத்தையும் தொகையையும் உறுதிப்படுத்தி, தான் அறிந்தவரை உங்களுக்கு எந்தத் தற்காப்பும் இல்லை என்று வாதி அதில் சத்தியம் செய்திருப்பார். அது சார்பான நாளிலிருந்து மீண்டும் பத்து நாள்களுக்குள், எதிர்வழக்காட அனுமதி கேட்டு நீங்கள் மனுவும் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது அழைப்பாணை பெரும்பாலும் வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு வரும். வழக்கறிஞரிடம் அடிக்கடி விசாரிக்காத கட்சிக்காரர்கள் அங்கே நாளைத் தொலைத்துவிடுகிறார்கள். போதுமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணை 37, விதி 3(7) இடம் தருகிறது என்றாலும், அதை நம்பித் தாமதிக்க வேண்டாம்.

அடுத்து, வெற்றுத் தாள் என்ற வாதம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, முத்திரைவில்லை ஒட்டிய, பூர்த்தியாகாத ஆவணத்தில் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதைப் பூர்த்தி செய்துகொள்ளும் அதிகாரத்தையும் வைத்திருப்பவருக்கு அவர் கொடுத்ததாகவே மேலோட்டமாகக் கருதப்படும். 118-ஆம் பிரிவின்படி, பிரதிபலன் (பதிலுக்குப் பணமோ பொருளோ) பெற்றுக்கொண்டுதான் புரோநோட்டு எழுதப்பட்டது என்ற அனுமானமும் உண்டு. ஆகவே, "கையெழுத்து என்னுடையது, தாள் வெற்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், நீங்களே பாதி வழக்கை ஒப்புக்கொண்டதாகிவிடும். எதற்காகக் கொடுத்தீர்கள், என்ன ஒப்பந்தத்தில் கொடுத்தீர்கள், அந்த ஒப்பந்தத்துக்கு மாறாக எவ்வாறு பூர்த்தி செய்யப்பட்டது என்று கோவையாகச் சொன்னால்தான் அது தற்காப்பு ஆகும்.

உங்கள் கதையில் அது இருக்கிறது. நூலுக்கான பிடிமானமாகக் கொடுத்த தாள், ரொக்கக் கைமாற்றுக்கான தாளாக மாற்றப்பட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய மூன்று நூல் பில்கள், வங்கிக் கணக்கில் அதே வியாபாரியின் பெயருக்குப் போன பதினொரு தவணைகள் ஆகியவை உங்களிடம் இருந்தால், "ஒரு ரூபாய்கூடத் தரவில்லை" என்ற வாக்கியத்துக்கு வாதிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

குமாரபாளையம் தறிக்காரர் | 12.7.2025

மிக்க நன்றி ஐயா. பில்களும் வங்கி அறிக்கையும் இருக்கின்றன. ரொக்கமாகக் கொடுத்த 60,000 ரூபாய்க்கு ரசீது இல்லை. ஆனால், எங்கள் பட்டறைச் சிட்டை நோட்டில் இரண்டு தடவையும் அவருடைய கணக்குப்பிள்ளை தொகைக்கு எதிரே சுருக்கொப்பம் இட்டிருக்கிறார்.

நேற்று இரவு வழக்குரையுடன் வந்த புரோநோட்டு நகலை மறுபடியும் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நகல் வண்ணத்தில் இருக்கிறது. ஸ்டாம்பின் மேல் உள்ள என் கையெழுத்து நீல நிறப் பந்துமுனைப் பேனாவில் இருக்கிறது. அன்று என் கையில் இருந்த தறி எண்ணெய் பட்டுத் தாளின் ஓரத்தில் பதிந்த கறைகூடத் தெரிகிறது. மற்ற எழுத்துகள் எல்லாம் கறுப்பு ஜெல் பேனாவில், வேறொருவர் கையெழுத்தில் உள்ளன. என் தந்தையின் பெயரையே தவறாக எழுதியிருக்கிறார்கள். நான் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த பத்திரத்தில் என் தந்தையின் பெயர் தப்பாக இருக்குமா?

இன்னொரு கேள்வி. நான் கையெழுத்துப் போட்டது 2022 ஜூன் 3-ஆம் தேதி. புரோநோட்டுக்கு மூன்று ஆண்டுதான் காலவரம்பு என்கிறார்கள். அப்படியானால் 2025 ஜூன் 10-ஆம் தேதி போட்ட வழக்கு காலம் கடந்ததுதானே?

கரூர் வழக்கறிஞர் | 12.7.2025

தந்தை பெயர்ப் பிழையையும் மை வேறுபாட்டையும் கண்டிப்பாகப் பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். மை வேறாக இருப்பதால் மட்டும் ஆவணம் செல்லாமல் போகாது. ஆனால், மற்ற உண்மைகளோடு சேரும்போது அது உங்கள் சொல்லுக்கு வலுச்சேர்க்கும்.

காலவரம்பைப் பற்றிக் கவனமாக இருங்கள். கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்குக் காலவரம்புச் சட்டத்தின் 35-ஆம் உறுப்பின்படி நோட்டின் தேதியிலிருந்து மூன்று ஆண்டு என்பது உண்மைதான். ஆனால், நீங்கள் 2024 மார்ச் வரை தவணை கட்டியதாக நீங்களே சொல்கிறீர்கள். காலத்துக்குள் பகுதித் தொகை செலுத்தி, அதற்குச் செலுத்தியவரின் எழுத்திலோ கையொப்பத்திலோ சான்று இருந்தால், 19-ஆம் பிரிவின்படி காலம் புதிதாக ஓடத் தொடங்கும். "நான் பணம் கட்டினேன்" என்பதும் "காலம் கடந்துவிட்டது" என்பதும் ஒரே பத்திரத்தில் ஒன்றையொன்று வெட்டக்கூடும். முதலாவதுதான் உங்கள் உயிர்நாடி. இரண்டாவதற்காக அதை வலுவிழக்கச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் வழக்கறிஞர் ஆவணங்களைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஈரோடு நூல் வணிகர் | 13.7.2025

நான் மறுபக்கத்தில் நிற்பவன் என்பதால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கடனுக்கு நூல் கொடுத்துவிட்டு, மூன்று ஆண்டு நடந்து, பிறகு சாதாரண வழக்குப் போட்டு, அது எட்டு, பத்து ஆண்டு இழுத்து, கடைசியில் தீர்ப்பாணையை நிறைவேற்ற இன்னும் சில ஆண்டு அலைந்த வியாபாரிகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒரு புரோநோட்டிலோ எழுத்து ஒப்பந்தத்திலோ தொகை தெளிவாக இருக்கும்போது, பதில் ஏதும் இல்லாதவர் வெறும் காலங்கடத்தலுக்காக வழக்காடக் கூடாது என்பதற்குத்தான் ஆணை 37 இருக்கிறது. அனுமதி மனு என்றாலே "கையெழுத்தே என்னுடையதல்ல, வாதியையே எனக்குத் தெரியாது" என்று எழுதிக் கொண்டுவருகிறவர்களால்தான் நேர்மையான கடன்காரர் சொல்வதும் சந்தேகத்துடன் பார்க்கப்படுகிறது.

இந்தத் தறிக்காரர் சொல்வது உண்மையானால், அந்த வியாபாரி செய்தது எங்கள் தொழிலுக்கே இழுக்கு. வாங்கிய தவணையை வரவு வைக்காமல் வழக்குப் போடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். ஆனால், தறிக்கார நண்பரே, 1,10,000 ரூபாய் பாக்கி என்று இங்கே எழுதியதை நீதிமன்றத்திலும் எழுதுவீர்களா? அதைத்தான் நான் கேட்க விரும்புகிறேன்.

குமாரபாளையம் தறிக்காரர் | 13.7.2025

எழுதுவேன் அண்ணா. அதற்காகத் தறி ஒன்றை விற்க வேண்டி வந்தாலும் எழுதுவேன்.

கரூர் வழக்கறிஞர் | 13.7.2025

வணிகர் கேட்டது சரியான கேள்வி; சட்டமும் அதையே கேட்கிறது. விதி 3(5)-இல் இரண்டு காப்புரைகள், அதாவது விதியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை வாசகங்கள், உள்ளன. பிரதிவாதி சொல்லும் உண்மைகள் கணிசமான தற்காப்பு எதையும் காட்டவில்லை என்றோ, அவர் எழுப்ப நினைக்கும் தற்காப்பு அற்பமானது அல்லது தொல்லை தருவதற்கானது என்றோ நீதிமன்றம் உறுதியாகக் கருதினாலன்றி அனுமதியை மறுக்கக் கூடாது என்பது முதலாவது. கோரிய தொகையில் ஒரு பகுதி தர வேண்டியதுதான் என்று பிரதிவாதி ஒப்புக்கொண்டால், அந்தப் பகுதியை நீதிமன்றத்தில் செலுத்தினாலன்றி அனுமதி தரக் கூடாது என்பது இரண்டாவது.

அனுமதி எப்படி வழங்கப்படுகிறது என்பதற்குப் பல்லாண்டுகளாக வழிகாட்டியாக இருந்தது, 1976-இல் உச்ச நீதிமன்றம் மெக்கலெக் இன்ஜினியர்ஸ் வழக்கில் எடுத்துரைத்த கோட்பாடுகள். அதற்கும் முந்தைய 1945-ஆம் ஆண்டின் கல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலிருந்து அவை எடுக்கப்பட்டவை. 2016 நவம்பரில் ஐடிபிஐ டிரஸ்டிஷிப் எதிர் ஹப்டவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இடையில் விதி 3-இல் செய்யப்பட்ட திருத்தத்தைக் காட்டி, அந்தக் கோட்பாடுகளைப் புதிதாக வகுத்தது. அதன் சாரம் இது: வெற்றி பெறக்கூடிய கணிசமான தற்காப்பு இருந்தால் நிபந்தனையற்ற அனுமதி உண்டு. அந்த அளவுக்கு உறுதியாக இல்லாவிட்டாலும், நியாயமான, விசாரணைக்குரிய எழுவினா (நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்ய வேண்டிய கேள்வி) இருந்தால் அப்போதும் பொதுவாக நிபந்தனை இல்லை. எழுவினா இருந்தும் அதன் உண்மைத்தன்மையில் நீதிபதிக்கு ஐயம் எழுந்தால், விசாரணையின் காலத்துக்கும் முறைக்கும் மட்டுமன்றிப் பணம் செலுத்தவோ பிணையம் கொடுக்கவோகூட நிபந்தனை விதிக்கலாம். சாத்தியம் உண்டு, ஆனால் நம்புவது கடினம் என்ற நிலையில் உள்ள தற்காப்புக்கு அசலும் வட்டியும் முழுவதையும் செலுத்தச் சொல்லும் அளவுக்கு நிபந்தனை போகலாம். ஒன்றுமே இல்லை என்றால் மறுப்புதான்.

2022 ஜனவரியில் பி.எல். காஷ்யப் எதிர் ஜே.எம்.எஸ். ஸ்டீல்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம், அனுமதி வழங்குவதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு என்பதை மறுபடியும் வலியுறுத்தியது. ஆகவே அஞ்சத் தேவையில்லை. ஆனால், அந்த ஐந்து நிலைகளில் நீங்கள் எதில் நிற்கப்போகிறீர்கள் என்பதைத் தீர்மானிப்பது உங்கள் பிரமாணப் பத்திரம் ஒன்றுதான். அந்தக் கட்டத்தில் சாட்சி கூண்டில் ஏற மாட்டார், குறுக்கு விசாரணை கிடையாது. நீதிபதியின் மேசையில் இருப்பது இரண்டு சத்தியங்களும் அவற்றுடன் இணைத்த தாள்களுமே.

மதுரை இளம் வழக்கறிஞர் | 14.7.2025

மூத்தவர் அனுமதித்தால் இரண்டு குறிப்புகள் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, இது உண்மையில் வணிகர்களுக்கு இடையேயான நூல் வியாபாரம் என்றால், மூன்று லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வணிகத் தகராறாக வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015-இன் கீழ் வரும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத நிலையில், வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 12-ஏ பிரிவு சொல்கிறது; அது கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாதி இதைக் "குடும்பச் செலவுக் கைமாற்று" என்று எழுதியதால், அந்தப் படியையே தாண்டிவிட்டார். இந்த ஆட்சேபத்தை எழுப்பலாம்.

இரண்டாவது, 5,00,000 ரூபாயை ரொக்கமாகக் கடன் கொடுத்தேன் என்பது வருமான வரிச் சட்டம் 269-எஸ்.எஸ். பிரிவுக்கு முரணானது. இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் பெறக் கூடாது.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 1,10,000 ரூபாயை ஏன் செலுத்த வேண்டும்? அது நூல் கணக்கின் பாக்கி. வாதி கோருவதோ புரோநோட்டுக் கடன். வாதி கோரும் கடனில் ஒரு பைசாகூட இவர் ஒப்புக்கொள்ளவில்லையே. காப்புரை இவருக்குப் பொருந்தாது என்று வாதிடலாம் அல்லவா?

கரூர் வழக்கறிஞர் | 14.7.2025

வாதிடலாம், தம்பி. நல்ல வாதமும்கூட. ஆனால், நான் இவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் காரணத்தை விளக்குகிறேன்.

அனுமதி மனுவை விசாரிக்கும் நீதிபதி, மனிதர் உண்மை பேசுகிறாரா என்பதை அளக்க மிகக் குறைந்த நேரமே கிடைப்பவர். பாக்கி உண்டு என்று எழுதிவிட்டு, ஆனால் அதை இந்த வழக்கில் கட்ட மாட்டேன் என்றால், முன்வாசலில் காட்டிய நேர்மையைப் பின்வாசலில் எடுத்துக்கொண்டது போலாகிவிடும். மாறாக, மனுவுடனேயே தொகையைச் செலுத்த அனுமதி கேட்டு, "நூல் கணக்கில் நான் தர வேண்டியது இவ்வளவு, புரோநோட்டில் சொன்ன ரொக்கக் கடனை மறுக்கிறேன், என் உரிமைகளுக்குப் பாதகமின்றி இத்தொகையைச் செலுத்துகிறேன்" என்று எழுதினால், மீதித் தொகைக்கு மேலும் பணம் கட்டச் சொல்லும் நிபந்தனை வருவதற்கான காரணம் பெரிதும் குறைந்துவிடும். 6,69,000 ரூபாயைக் கட்டு என்ற நிபந்தனை வந்தால் எட்டுத் தறிகளும் போய்விடும். அந்த ஆபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

12-ஏ ஆட்சேபத்தை எழுப்பட்டும். ஆனால், அதையே முழுத் தூணாக நம்பக் கூடாது. அது வென்றாலும் வாதி சமரசத்துக்குப் போய்விட்டு மறுபடியும் வரலாம். 269-எஸ்.எஸ். மீறலுக்கு வருமான வரித்துறை அபராதம் விதிக்கும். அதனால் கடனே செல்லாததாகிவிடாது. ஆனால், கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் ஒரு வியாபாரி ஐந்து லட்சத்தை ரொக்கமாக எடுத்துக்கொடுத்ததற்கு அவருடைய கணக்கில் ஏன் பதிவு இல்லை என்ற கேள்வியை எழுப்ப அது உதவும்.

திருச்சி வாசகி | 15.7.2025

இதைப் படிப்பவர்களில் நாளைத் தவறவிட்டவர்கள் இருக்கலாம் என்பதால் என் அனுபவத்தை எழுதுகிறேன். என் கணவர் இறந்தபின், அவர் வாங்கிய கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தத்தை வைத்து என் மேல் ஆணை 37-இல் வழக்குப் போட்டார்கள். நாங்கள் ஓராண்டுக்கு முன்பே காலி செய்த வாடகை வீட்டின் கதவில் அழைப்பாணையை ஒட்டிவிட்டுச் சார்பானதாக அறிக்கை கொடுத்துவிட்டார்கள். வழக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. ஜப்தி உத்தரவுடன் நீதிமன்ற அமீனா வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றுதான் தெரிந்தது. என் மகளுடைய தையல் இயந்திரத்தின் எண்ணை அவர் குறித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

விதி 4-இன் கீழ் தீர்ப்பாணையை ரத்து செய்ய மனுப் போட்டோம். அப்போது என் வழக்கறிஞர் விளக்கியது இது: சாதாரண ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கப் போதுமான காரணம் காட்டினால் போதும், இங்கே "சிறப்புச் சூழ்நிலை" வேண்டும். அதோடு, அழைப்பாணை வரவில்லை என்பதை மட்டும் சொன்னால் போதாது. வந்திருந்தால் எதிர்வழக்காட அனுமதி பெறும் அளவுக்கு என்னிடம் தற்காப்பு இருந்தது என்பதையும் அதே மனுவில் காட்ட வேண்டும். 2003-இல் ரஜனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான் என்று எடுத்துக் காட்டினார். நாங்கள் பழைய வீட்டைக் காலி செய்த ரசீது, புதிய வீட்டின் மின் கட்டண ரசீது, கணவர் கட்டிய தவணைகளின் வங்கிப் பதிவு மூன்றையும் இணைத்தோம். தீர்ப்பாணை ரத்தானது. ஆனால், அதற்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். தேவைப்படுபவர்கள் முதல் நாளே போய்க் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற சிரஸ்தார் | 15.7.2025

அம்மா எழுதியதைப் படித்து மனம் கனத்தது. பழைய முகவரிக்கு ஒட்டப்படும் அழைப்பாணை பற்றி நீங்கள் சொன்னதை அலுவலகத்தில் இருப்பவர்களும் படிக்க வேண்டும்.

தறிக்காரத் தம்பிக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. மூல புரோநோட்டு வாதியின் கையிலேயே இருக்கிறதா, நீதிமன்றத்தில் தாக்கலாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். வழக்கின் அடிப்படையான ஆவணத்தை நீதிமன்ற அலுவலரிடம் ஒப்படைக்கும்படி உத்தரவிட விதி 5 இடம் தருகிறது. பின்னாளில் மை, எழுத்து பற்றி நிபுணர் ஆய்வு கேட்க நேர்ந்தால், மூல ஆவணம் பாதுகாப்பாக இருப்பது உங்களுக்கு முக்கியம். உங்கள் சிட்டை நோட்டையும் அப்படியே வைத்திருங்கள். ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்கவோ, விட்டுப்போனதை இப்போது எழுதிச் சேர்க்கவோ வேண்டாம்.

குமாரபாளையம் தறிக்காரர் | 16.7.2025

நேற்று வழக்கறிஞர் முன்னிலையாகி வக்காலத்தும் முகவரியும் தாக்கல் செய்துவிட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் அறிவிப்புக் கொடுத்தாயிற்று. இரண்டு நாள் மீதம் இருக்கும்போதே முடிந்தது. அனைவருக்கும் கைகூப்பி நன்றி.

குமாரபாளையம் தறிக்காரர் | 6.9.2025

தீர்ப்புக்கான அழைப்பாணை ஆகஸ்ட் 25-ஆம் தேதி வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தது. செப்டம்பர் 3-ஆம் தேதி, ஒன்பதாம் நாளில், அனுமதி மனுவைத் தாக்கல் செய்தோம். பிரமாணப் பத்திரத்தின் முக்கியப் பத்தியை வழக்கறிஞரின் ஒப்புதலோடு இங்கே பகிர்கிறேன். என் போன்றவர்களுக்கு உதவக்கூடும்.

"3.6.2022 அன்று வாதியின் கடையில், நூல் கடனுக்கான பிடிமானமாக, பூர்த்தி செய்யப்படாத அச்சுப் படிவத்தில் நான் கையொப்பமிட்டேன். வழக்குரையில் கூறியபடி 17.8.2022 அன்றோ வேறு எந்த நாளிலோ ரொக்கக் கடன் எதையும் நான் பெறவில்லை. வாதியிடமிருந்து மூன்று பில்களின் வழியாக 4,80,000 ரூபாய்க்கு நூல் பெற்று, அதில் 3,10,000 ரூபாயை வங்கி மூலமும், 60,000 ரூபாயை ரொக்கமாகவும் செலுத்தியுள்ளேன். பில்களும் வங்கி அறிக்கையும் சிட்டை நோட்டின் இரண்டு பக்கங்களும் இணைக்கப்பட்டுள்ளன. மேற்படி படிவம் எனக்குத் தெரியாமல், ஒப்பந்தத்துக்கு மாறாகப் பூர்த்தி செய்யப்பட்டுள்ளது. அதில் என் தந்தையின் பெயரும் தவறாக உள்ளது. நூல் கணக்கில் நான் தர வேண்டிய 1,10,000 ரூபாயை என் உரிமைகளுக்குப் பாதகமின்றி நீதிமன்றத்தில் செலுத்தத் தயாராக இருக்கிறேன்."

முதலில் நான் எழுதிக் கொடுத்தது ஆறு பக்கம். வியாபாரி செய்த துரோகம், என் குடும்பக் கஷ்டம் எல்லாவற்றையும் அதில் எழுதியிருந்தேன். வழக்கறிஞர் தேதிகளையும் தொகைகளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிட்டார். அப்போது வருத்தமாக இருந்தது. தட்டச்சு செய்து வந்ததைப் படித்தபோது, என் நியாயம் அதில்தான் தெளிவாகத் தெரிந்தது.

ஈரோடு நூல் வணிகர் | 6.9.2025

சொன்னபடியே எழுதிவிட்டீர்கள். இந்தப் பத்தியைப் படித்த பிறகு நான் வாதியின் இடத்தில் இருந்தால் சமாதானத்துக்கு ஆள் அனுப்புவேன்.

குமாரபாளையம் தறிக்காரர் | 14.11.2025

நேற்று முன்தினம் உத்தரவு வந்தது. தவணைகள் வாதியின் கணக்கிலேயே வரவாகியிருப்பதை வழக்குரை மறைத்திருப்பதால் விசாரணைக்குரிய எழுவினா இருக்கிறது என்றும், ஒப்புக்கொண்ட 1,10,000 ரூபாயை நான்கு வாரத்துக்குள் செலுத்த வேண்டும் என்றும், மீதித் தொகைக்குப் பிணையம் எதுவும் இன்றி எதிர்வழக்காடலாம் என்றும் நீதிபதி உத்தரவிட்டார். மூல புரோநோட்டு நீதிமன்றப் பாதுகாப்பில் வைக்கப்பட்டுள்ளது. சமரசம் கட்டாயமா என்ற கேள்வியை எதிருரையில் எழுப்பிக்கொள்ள விட்டிருக்கிறார்கள்.

தறி விற்க வேண்டி வரவில்லை. தீபாவளிக்கு நெய்த சரக்குக்கு வந்த பணத்துடன் மனைவியின் இரண்டு வளையல்களை அடகு வைத்துத் தொகையைச் சேர்த்தோம். இன்று காலை செலான் கட்டிவிட்டேன். இனி இது சாதாரண வழக்கைப் போலவே நடக்கும் என்று வழக்கறிஞர் சொன்னார். எதிருரைக்கு அடுத்த வாய்தா கொடுத்திருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற சிரஸ்தார் | 14.11.2025

நல்லது தம்பி. செலானின் நகலை ஒரு மெமோவுடன் இணைத்து நாளைக் கடத்தாமல் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். பணம் கட்டியது வேறு, கட்டியது வழக்குக் கட்டில் பதிவாவது வேறு. எதிருரை நாளன்று சிட்டை நோட்டின் மூலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.